தாமரை அக்கா திறந்த சிப்பி

பூச்சோங்கில் பதினெட்டு வருடமாக, தொட்டியில் வளர்க்கிற கடல்மீன்களுக்குக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக மீன் கேட்பவர்கள். அவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. வண்ணத்துப்பூச்சி மீனைக் கைகாட்டினால், "அது வேணாம் பாஸ், வேற பாருங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவேன். நீண்ட மூக்கும் ஆரஞ்சுப் பட்டைகளுமாக அது அழகுதான். ஆனால் இடம் மாறினால் வாயைக் கட்டிக்கொள்ளும். பத்தே நாளில் பட்டினி கிடந்து செத்தும் போகும்.

தாமரை அக்காவுக்கு மட்டும் அதை யோசிக்காமல் கொடுத்தேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருந்துகொண்டு ரவிக்கை தைப்பவர். தையல் மெஷினுக்கு நேர் எதிரே நான்கடித் தொட்டி. தண்ணீரின் உப்பையும் சூட்டையும் காலையும் மாலையும் பார்ப்பார், மூன்று வருடமாக. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கடைத் தொட்டிகளை நானே அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

மீன் வீட்டுக்குப் போன நாலாம் நாள் அவருக்குத் தைப்பூச விரதம் தொடங்கியது. மகள் ஷாமினி சின்ன வயதில் டெங்கியில் கிடந்து பிழைத்ததிலிருந்து பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறார். கோவிட் காலத்தைத் தவிர ஒரு வருடமும் விட்டதில்லை. விரதம் என்றால் வீட்டுக்குள் கவுச்சி வரக்கூடாது, ஒரு எறும்பைக்கூட நசுக்கமாட்டார்.

ஐந்தாம் நாள் போன் வந்தது.

"தம்பி, தீனி போட்டா தொடவே மாட்டேங்குது. வயிறு ஒரு நூல் அளவுக்கு உள்ள ஒட்டியிருக்கு."

தையற்காரர் கண் அது. நானாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன்.

"பாசார்ல உயிரோட லாலா சிப்பி வாங்கி, பிளந்து தொட்டிக்குள்ள வைங்க அக்கா. சிப்பிக்குள்ள கொத்தித் திங்கிற மீனு அது. அப்படியாவது வாயத் தொறக்கும்."

"விரதம் தம்பி" என்றார். பிறகு, "வேற வழி பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் பார்த்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். சைவக் கடையில் சோயாவில் செய்த இறாலை வாங்கி, பொடியாக நறுக்கித் தொட்டியில் போட்டிருக்கிறார்! விரத நாளில் நாமெல்லாம் அதில்தான் சம்பல் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்கிறோம். மீன் ஏமாறவில்லை. "பாக்கெட்ல இறால்னுதான் போட்டிருக்கு லா" என்றார் என்னிடம், ஏதோ மீன்தான் தப்புச் செய்தது போல.

ஒன்பதாம் நாள் மனசு கேட்காமல் நானே லாலா வாங்கிக்கொண்டு போனேன். மீன் ஒரு மூலையில் அசையாமல் நின்றது. வயிறு ஒட்டிப் போயிருந்தது. மறுநாள்வரை தாங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"கத்தியக் குடுங்கக்கா, நான் பிளந்து போட்டுடறேன். நீங்க ரூமுக்குள்ள போயிடுங்க."

"பாவத்த உங்க தலையில போட்டுட்டு நான் பால்குடம் தூக்கணுமா? முருகனுக்கு என்ன கண்ணு தெரியாதா?"

என் கையிலிருந்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, கத்தியையும் அவரே எடுத்துக்கொண்டார். சிப்பி இறுக்கமாக மூடிக்கொண்டது. ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிற அந்தக் கைக்கு, அன்றைக்குச் சிப்பியின் இடுக்கில் கத்தியை நுழைக்க மூன்று தடவை ஆனது. உதட்டைக் கடித்துக்கொண்டு பிளந்தார். திறந்த ஓட்டைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் பாறை இடுக்கில் செருகினார்.

மீன் கிட்டே வந்தது, பார்த்தது, போய்விட்டது. அக்கா மூச்சு விடவில்லை. மறுபடி வந்து, நீண்ட மூக்கை ஓட்டுக்குள் விட்டு, ஒரு துணுக்கைப் பிய்த்து விழுங்கியது. பிறகு இன்னொன்று.

தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் அழுதார். எத்தனையோ பேருக்கு மீன் விற்றிருக்கிறேன். இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை.

"ஒரு சிப்பிதானே அக்கா. குளிச்சிட்டு விரதத்தத் தொடருங்க. சாமி ஒன்னும் சொல்லாது."

"நாளைக்கும் பசிக்கும் தம்பி, அதுக்கு அடுத்த நாளும் பசிக்கும். இந்த வருஷம் பால்குடம் இல்ல. முருகன் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருப்பாரு."

தொட்டியைப் பார்த்தார். ஓடு காலியாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அடுத்த சிப்பியை எடுத்தார்.