கேட்காத குளிசை

சீ, இதுவும் ஒரு சீவியமோ எண்டு றெஜினா ஒரு நாளைக்குப் பத்துத்தரம் மனசுக்குள்ளை காறித் துப்பினாள். குருநகர்க்காரி. நண்டுக் கொம்பனியிலை காலமை ஏழு மணிக்கு ஏப்ரனைக் கட்டினால், பின்னேரம் நாலு மணிமட்டும் ஈரத்திலை நிண்டு நண்டுச் சதை கிண்டவேணும். இடுப்புக்குக் கீழை தண்ணி ஊறிக்கொண்டே இருக்கும். ஒண்டுக்குப் போனாலும் மேற்பார்வைக்காரன் மணிக்கூட்டைப் பார்ப்பான்.

போன வருசம் தவக்காலத்திலை தொடங்கினது, மறைவிடத்திலை அந்தக் கடி. தயிர் திரைஞ்ச மாதிரி வெள்ளை, எரிவு, நாலு பேருக்கு முன்னாலை நிக்கேலாத அந்தரம். சொறியவும் ஏலாது, சொல்லவும் ஏலாது. சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலும் உரிஞ்சுபோச்சு. தன்ரை உடம்பிலையே அவளுக்கு அரியண்டம் வந்திட்டுது.

புருசன் கனிசியஸ் மானஸ்தன். தெரிஞ்ச சனம் கண்டிடும் எண்டு பக்கத்துப் பாமசிக்குப் போகான், பஸ் ஸ்ராண்டடிக் கடையொண்டுக்குத்தான் போவான். கடைக்காரன் நிமிர்ந்தும் பாராமல் ஒற்றைக் குளிசையொண்டைக் கடதாசியிலை சுத்திக் குடுப்பான். என்ன வருத்தம், எவ்வளவு நாள், ஒருத்தரும் கேக்கேல்லை. முதல் ரண்டு முறையும் கொஞ்சம் அடங்கினது. பிறகு அதுவுமில்லை. பதினொரு குளிசை விழுங்கிப்போட்டாள் பாவி.

அத்தனை குளிசைக்கும் வருத்தம் கேக்கேல்லை எண்டவுடனை கனிசியஸின்ரை புத்தி வேறை பக்கம் போச்சுது. மருந்துக்கு மாறாதது கெட்ட வருத்தமாம், அது ஆரோ ஆம்பிளையிட்டையிருந்து வந்ததாம். கடற்கரை வாடியும் சாராயமும் எண்டு திரியிறவன் கதைச்ச கதையைப் பாருங்கோ! பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போனான். அதோடை விட்டானோ? ஞாயிறு பூசை முடிய, சனம் கலையமுந்தி, மாதா சுரூபத்துக்கு முன்னாலை எரியிற மெழுகுதிரிக்கு மேலை கைபிடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னான். வெக்கத்தை விழுங்கிக்கொண்டு றெஜினா பண்ணினாள்.

"சத்தியம் ஆரும் பண்ணலாம்" எண்டான் அவன்.

அடுத்தநாள் அவள் வேலைக்குப் போகேல்லை. தனிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டொக்டர் ஆரணி திரையை இழுத்துவிட்டு ஒழுங்காப் பார்த்தா, பஞ்சுக் குச்சியாலை ஒத்தியெடுத்து லாபுக்கு அனுப்பினா. றிப்போட் வந்த அண்டைக்குப் புருசனையும் கூட்டிவரச் சொல்லி, ரண்டு பேருக்கும் முன்னாலை விளங்கப்படுத்தினா. இது பங்கசு, பூஞ்சணத்தாலை வாறது, ஆரோடையும் போய் எடுத்த வருத்தமில்லை. வழமையா வாற வகை அந்த ஒற்றைக் குளிசைக்குச் செத்துப்போம், இது வேறை வகை, அதுக்குச் சாகாது. உள்ளை வைக்கிற குளிசையைப் பதினாலு நாளும் வைக்கவேணும், இடையிலை சுகம் எண்டு விடக்கூடாது.

கனிசியஸ் இங்கிலீசிலை கிடந்த அந்தத் தாளை, ஒரு சொல்லும் விளங்காமல், மேலையும் கீழையும் பார்த்தான். முகம் தெளிஞ்சுது. ஏதோ காணி எழுதிக் குடுக்கிறவன் மாதிரி, "இப்ப நம்புறன்" எண்டான். றெஜினா தாளை அவன்ரை கையிலையிருந்து வாங்கி மடிச்சு வைச்சாள்.

பதினாலு நாளும் தவறாமல் வைச்சாள். கடி நிண்டுது, எரிவும் போச்சுது. அடுத்த ஞாயிறு மத்தியானம், கனிசியஸ் சிரிச்சுக்கொண்டு பாயோடை அறை வாசலுக்கு வந்தான். அவள் நிலையிலை கையை ஊண்டி மறிச்சாள்.

"மாதாவுக்கு முன்னாலை நான் சொன்னது உங்களுக்குப் போதேல்லை, விளங்காத கடதாசி போதுமாப்போச்சு. எனக்கு வருத்தம் மாறீட்டுது. இப்ப உங்களைக் கண்டால்தான் ஓங்காளிச்சு வாந்தி வருது. பாயை விறாந்தையிலையே போடுங்கோ."