இன்குபேட்டருக்கு ஒருநாள் லீவு

ஒரு வாரமாக எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யாரிடமாவது கொட்டியே ஆகவேண்டும். உங்களை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

என் தங்கை மகள் கயல்விழி. திருப்பரங்குன்றத்துப் பெண். ஒத்தக்கடையில் என் வீட்டில் தங்கி, பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறாள். கல்லீரல் செல்களுக்கு ஆல்கஹால் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. "என்னம்மா, சரக்கு ஆராய்ச்சியா?" என்று கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் இளிப்பார்கள். அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நம் உடம்பில் செல்கள் ஒன்றோடு ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றனவாம். 'இங்கே அடிபட்டிருக்கு, கவனி', 'வளர்ந்தது போதும், நிறுத்து' — இப்படி. ஆல்கஹால் பட்டால் இந்தச் சேதியெல்லாம் குழறிப்போகிறது. எந்த இடத்தில் குழற ஆரம்பிக்கிறது? அதுதான் அவள் தேடுவது.

அதற்காக இரண்டு கூட்டம் செல்களை நாலு மாதமாக வளர்த்தாள். ஒன்றுக்கு ஆல்கஹால் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. கிடையாத கூட்டத்துக்குப் பெயர் கன்ட்ரோல். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எதையுமே சொல்லமுடியும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்கு இன்குபேட்டர் என்று பெயர். அப்படி இரண்டு பெட்டிகளில், இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாக வைத்திருந்தாள். ஆல்கஹால் ஆவியாகும் இல்லையா? ஒரே பெட்டிக்குள் வைத்தால் பக்கத்துத் தட்டிலும் போய்க் கலந்துவிடும்.

எல்லாம் முடிகிற நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. கயல் இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து கடைசி அளவை எடுத்தால்... கன்ட்ரோலும் குழறியிருக்கிறது! ஒரு சொட்டுகூடக் கொடுக்காத செல், குடித்த செல் மாதிரியே நிற்கிறது. மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தான்தான் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

நாலாம் நாள், கன்ட்ரோல் ட்ரேயின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல்தடம் கண்ணில் பட்டது. சந்தனம்.

லேப் உதவியாளர் மாயாண்டி அண்ணனிடம் ஓடினாள்.

"அண்ணே, என் ட்ரேயைத் தொட்டீங்களா?"

"ஆமா தங்கச்சி. பூசை போட்ட மெஷினை அன்னிக்கு ஓட்டக் கூடாதுல்ல? எல்லாத்தையும் ஆஃப் பண்ணேன். ஆனா செல்லு குளுந்து போகக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீகளே... அதான் ஒரு பொட்டிய மட்டும் ஓட விட்டு, ரெண்டு ட்ரேயையும் அதுக்குள்ள பத்திரமா வச்சேன். மறுநா காலையில எடுத்த இடத்துலயே வச்சுட்டேன். ஏன் தங்கச்சி, எதும் ஆயிப்போச்சா?"

அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தையல் மெஷினிலிருந்து டவுன் பஸ் வரைக்கும் பொட்டு வைக்கிற ஊர் இது. பாவம், இன்குபேட்டருக்கும் ஒருநாள் லீவு கொடுத்திருக்கிறார். அதிலும் செல்லுக்குக் குளிருமே என்று யோசித்திருக்கிறார். இரண்டு ட்ரேயையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்று பெட்டி மேல் எச்சரிக்கை ஒட்டியிருந்ததாம். எந்த மொழியில்? இங்கிலீஷில்! படிக்க வேண்டியவர் மாயாண்டி அண்ணன். அப்புறம் யாருக்காக அய்யா ஒட்டினீர்கள்? வருகிற விருந்தாளிகளுக்கா?

என் ஆத்திரமெல்லாம் அவளுடைய கைடு மேல்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பேராசிரியர் சொன்னாராம்: "இதுக்குப் போய் ஏம்மா அழுற? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்த கன்ட்ரோல் நம்பர் இருக்குல்ல, அதைத் தூக்கி இதுல போடு. வெள்ளிக்கிழமை கமிட்டி. யாரு நோண்டிப் பார்க்கப் போறா?"

கயல் முடியாது என்றாள்.

"அப்ப இன்னொரு வருஷம் உக்காரு. இந்த வருஷம் லெக்சரர் வேலைக்குப் போட்டுருக்கேல்ல, அதை மறந்துரு."

என்ன தைரியம் பாருங்கள்! பொய் எழுதச் சொல்லிவிட்டு மிரட்டல் வேறு. ஆனால்... உங்களிடம் மறைப்பானேன்? அன்று சாயங்காலம் நானும் அதையேதான் சொன்னேன்.

"அம்புட்டுத்தானே, போட்டுட்டு வேலையைப் பாருடி. ஒரு வருஷம்னா சும்மாவா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா பெரியம்மா? அந்த செல்லு குடிக்கவே இல்ல. குடிக்கிறது பக்கத்துல இருந்துச்சு, அதனால கெட்டுப்போச்சு. அதைப் போய் நல்லா இருக்குன்னு எழுதச் சொல்றீங்களே!"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவிலேயே நாலு வீடு இருக்கிறது. புருஷன் குடிப்பான். பெண்டாட்டிக்கு ராத்திரி தூக்கம் கிடையாது, காலையில் கை நடுங்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடும். இவர்களை எந்தக் கணக்கில் சேர்க்கிறோம்? 'அவன் ஒருத்தன்தான் கெட்டுப்போனான், மத்தவங்க தங்கம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கெட்டுப்போன கன்ட்ரோலை நல்ல கன்ட்ரோல் என்று எழுதுகிற வேலையை நாம் தினமும்தான் செய்கிறோம். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, தோசை ஊத்துங்க" என்றாள். நாலு நாளைக்கு அப்புறம் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி. ஆராய்ச்சியை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஐந்து பேராசிரியர்கள் முன்னால் கயல் ஒன்று விடாமல் சொன்னாள் — பூஜை, பெட்டி, ஆவி, எல்லாம். கைடு சொன்ன யோசனையை மட்டும் சொல்லவில்லை. ஒருவர் வாய்விட்டே சிரித்தாராம். "மாயாண்டி அண்ணன் மேல தப்பில்ல சார், நான் அவர்கிட்ட விளக்கிச் சொல்லாதது என் தப்பு" என்று முடித்தாள். அவர்கள் கூடிப் பேசினார்கள். நேர்மையைப் பாராட்டினார்கள். முழு ஆராய்ச்சியையும் முதலிலிருந்து செய்துவிட்டு அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். லெக்சரர் வேலை போயேபோச்சு.

அது நியாயம்தான். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த கைடு எழுந்தாராம். கோட்டைச் சரிசெய்துகொண்டாராம். "என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட முதல் நாளே நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்... டேட்டாவுல மட்டும் கை வைக்காதீங்க!"

ஐந்து பேரும் கைதட்டினார்களாம்.

வருஷம் போனது இவளுக்கு. கைதட்டல் மட்டும் அவருக்கு!