வைதேஹி சுருதிப் பெட்டியை நிறுத்தினாள்

தில்லியில் கச்சேரிக்குப் போகிற தமிழர்கள் எல்லோரும் வைதேஹியைப் பார்த்திருப்பார்கள். பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. பாடகருக்கு இடப்பக்கம் பட்டுப்புடவையில் வயலினோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் என்றுதான் சொல்வார்கள். எங்கள் சபாவில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. கும்பகோணத்திலிருந்து வந்து வாடகை வீட்டிலேயே வாழ்ந்து முடித்தார். வைதேஹி கல்யாணமாகி தில்லியிலேயே துவாரகா பகுதிக்குப் போனாள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரானாள். சென்னையிலிருந்து எந்தப் பாடகர் வந்தாலும் பக்கவாத்தியத்துக்கு முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை அவள் வில் நிரப்பிவிடும். வரி மறந்துபோனால் அடுத்த சொல்லுக்கான ஸ்வரத்தை மெல்ல எடுத்துக் கொடுப்பாள். சபையில் ஒருவருக்கும் தெரியாது. "நான் வாசிச்சா கச்சேரியில ஓட்டையே இருக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்தப் பெருமை நியாயமானதுதான்.

போன வருஷம் அக்டோபரில் ஆரிப் அவளை சாணக்யபுரிக்குக் கூப்பிட்டான். ஆரிப் ஒலிப்பதிவாளன், வாணியம்பாடிக்காரன். கச்சேரிகளைப் பதிவு செய்ய வந்து பழக்கமானவன். ஏதோ ஒரு தூதரகத்தின் அரங்கில் மார்த்தா என்ற ஐரோப்பியப் பெண்மணி வாசிக்கிறார், தன்னிடம் இன்னொரு பாஸ் இருக்கிறது என்றான்.

"தனி வயலின்க்கா. பரோக் மியூசிக். முன்னூறு வருஷத்துப் பாட்டு."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. ஒன்றரை மணி நேரம் அவங்க மட்டும்தான்."

"யாருமே இல்லாம ஒன்றரை மணி நேரமா? நான் தூங்கிடுவேன் ஆரிப். அப்புறம் நீதான் எழுப்பணும்."

தூங்கத் தயாராகத்தான் போனாள். மேல்நாட்டு வயலின் என்றால் அவளுக்குச் சினிமாப் பாட்டில் நாற்பது வில்கள் ஒன்றாக ஏறி இறங்குவதுதான். தனி வயலின் கச்சேரி நம்மிடமும் உண்டே, அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதில் மிருதங்கம் இருக்கும், கடம் இருக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் தம்பூராவோ சுருதிப் பெட்டியோ ஓடிக்கொண்டே இருக்கும்.

மேடையில் ஒன்றும் இல்லை. நாற்காலி, மைக், காகிதம் வைக்கும் தாங்கி எதுவும் இல்லை. நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும், வயலினைக் கையில் தொங்கவிட்டபடி நடந்து வந்து நின்றார். கும்பிட்டார். ஏர்கண்டிஷனர் இரைச்சல் கேட்டது. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு சர்தார்ஜி போனைத் தடவிக்கொண்டிருந்தார். மார்த்தா அவர் முடிக்கட்டும் என்பதுபோல் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வில்லை வைத்தார்.

முதல் பாட்டின் நடுவிலேயே வைதேஹி ஆரிப் பக்கம் குனிந்தாள். "பின்னாடி யாரு வாசிக்கறா?"

"யாரும் இல்லக்கா."

"கீழ ஒண்ணு கேக்கறதே. திரைக்குப் பின்னாடி யாரோ இருக்கா, பாரு."

அவள் சும்மா சொல்லவில்லை. மேலே ஒரு குரல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே இன்னொன்று நிதானமாக நடந்தது. சில இடங்களில் நடுவே மூன்றாவதாக ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. இருக்கையிலிருந்து பாதி எழுந்து, கழுத்தை நீட்டி, மேடையின் ஓரத்தைப் பார்த்தாள். பின்னால் இருந்தவர் ஹிந்தியில் உட்காரச் சொன்னார். மேடை ஓரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

வைதேஹி வாசிப்பதும் இதே கருவிதான், இதே நான்கு தந்திகள்தான். ஏழு வயதிலிருந்து தெரியும் என்று நினைத்திருந்த பெட்டி அது. அதற்குள் இப்படி ஒரு விஷயம் இருந்திருக்கிறது, தனக்குத் தெரியவே தெரியாது. பயம் என்றுதான் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "சந்தோஷம்னு சொல்ல மாட்டேன். நம்மாத்துக்குள்ளயே ஒரு ரூம் இருந்திருக்கு, இத்தனை நாள் கதவையே பாக்கலைன்னா எப்படி இருக்கும்? அப்படித் தூக்கிவாரிப் போட்டுது."

கடைசியாக வந்தது நடன இசைகளின் வரிசையில் ஒன்றாம். மெதுவான ஒரு சின்ன ஸ்வரக்கோவை அடியில் திரும்பத் திரும்ப வந்தது. அதன் மேல் ஒவ்வொரு தடவையும் வேறொன்று கட்டப்பட்டு, உடனே இடிக்கப்பட்டது. சர்தார்ஜியின் போன் மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆரிப்பின் தொழிலே காதுதான். அவனும் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

முடிந்தபின் யாரும் கைதட்டவில்லை. மார்த்தா வில்லைத் தாழ்த்தினார். அப்போதும் இல்லை. தட்டினால் எதையோ உடைத்துவிடுவோம் என்று அத்தனை பேரும் பயந்த மாதிரி இருந்தது. பிறகு மாடியில் எங்கிருந்தோ ஒரே ஒருவர் "வாஹ்!" என்று கத்தினார். அரங்கம் முழுக்க எழுந்துவிட்டது. வைதேஹி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, பிடிக்கலையா?"

"கால் வரலை ஆரிப்."

வெளியே மார்த்தாவைப் பார்க்க வரிசை நின்றது. வைதேஹியும் நின்றாள். முறை வந்ததும், தான் இந்த ஊரில் வயலின் வாசிப்பவள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நேராகக் கேட்டாள்: "கீழே கேட்ட அந்தக் குரலை எப்படிப் பிடித்து வைத்திருந்தீர்கள்?"

மார்த்தா சிரித்தார். "பிடித்து வைக்க முடியாதே. தந்திகளைத் தாங்கும் குதிரை வளைந்திருக்கிறது, நான்கு தந்தியையும் வில் சேர்த்துப் பிடிக்காது. கீழ் ஸ்வரத்தைத் தொடுகிறேன், விட்டுவிடுகிறேன். அது அங்கேயே தங்கிவிடுகிறது. மிச்சத்தை உங்கள் காதுதான் வாசித்தது."

"நான் கேட்டேனே!"

"ஆமாம், கேட்டீர்கள். அதற்கு நான் விட வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டம். தொடுவதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டேன். விடுவதற்கு முப்பது வருஷம் ஆயிற்று."

பாடகர் விட்ட இடத்தையெல்லாம் ஓடி ஓடி நிரப்புவதுதான் வைதேஹி இதுநாள் வரை செய்த வேலை. அதற்குத்தான் அவளைக் கொண்டாடினார்கள்.

இனி நான் சொல்லப் போவதை என் கண்ணால் பார்த்தேன்.

நவம்பரில் எங்கள் சபாவில் விஸ்வநாதன் கச்சேரி. சென்னையில் பெரிய பெயர். அன்று தில்லியின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மாலை நாலு மணிக்கே சூரியன் செப்புக் காசு மாதிரி மங்கிக் கிடந்தது, அரங்குக்குள்ளேயே புகைவாடை. பாதிப் பேர் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தோம். காலை விமானத்தில் இறங்கியதிலிருந்தே அவருக்குத் தொண்டை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. வயலின் வைதேஹி. மிருதங்கம் காத்தவராயன், தில்லியில் பாலம் என்ற பேட்டையில் இருப்பவர், விமான நிலையத்தில் வேலை.

காம்போதி ராகத்தில் ஆலாபனை. மேல் ஸ்தாயியில் ஒரு நீளமான பிடிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். துணி கிழிகிற மாதிரி ஒன்று வந்தது. வெந்நீர் குடித்தார், இருமினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. வைதேஹியைப் பார்த்து 'நீ வாசி' என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

வழக்கமாக என்ன நடக்கும்? வயலின்காரர் ஐந்து நிமிஷம் ஓட்டுவார், பாடகர் வருவார், அல்லது செயலாளர் வந்து மன்னிப்புக் கேட்பார். வைதேஹியும் வாசிக்க ஆரம்பித்தாள். நன்றாகத்தான் இருந்தது. சிலர் கேண்டீன் பக்கம் கிளம்பினார்கள்.

அப்போது அவள் வில்லை மடியில் வைத்தாள். பாடகர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிச் சுருதிப் பெட்டியை நிறுத்தினாள்.

'ஐயோ' என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. கச்சேரியில் சுருதி நின்றுபோவது என்றால் நடந்துகொண்டிருக்கும்போது தரையை உருவுவது மாதிரி. "சுருதி! சுருதி நின்னு போச்சு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ஆரிப் பதிவு மேசையிலிருந்து துள்ளி எழுந்தான். தன் கம்பிதான் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்திருக்கிறான். காத்தவராயன் மிருதங்கத்தின் மேல் கை வைத்தபடி "அம்மா, பெட்டிம்மா..." என்றார்.

"இருக்கட்டும், காத்தவராயன். நீங்களும் வாசிக்க வேண்டாம்" என்றாள் வைதேஹி. மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

பிறகு கீழ் ஷட்ஜத்தை, ஆதாரமான ஸாவை, ஒரே ஒரு தடவை தொட்டாள். தொட்டு, விட்டாள்.

அந்த மௌனத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் மேலே காம்போதியில் ஒரு சின்ன வாக்கியம் சொன்னாள், நிறுத்தினாள். அடுத்ததைச் சொன்னாள், நிறுத்தினாள். இடையில் எதையும் நிரப்பவில்லை. எப்போதாவது கீழே தொட்டாள். கொஞ்ச நேரத்தில்தான் உறைத்தது, எனக்குச் சுருதி கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்டி நின்றிருக்கிறது, அதன் சிவப்பு விளக்குக்கூட அணைந்திருக்கிறது, இருந்தும் கேட்கிறது. பக்கத்திலிருந்த என் நண்பரைப் பார்த்தேன். அவர் உதட்டை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் அந்த ஸாவை முனகிக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாது. கேண்டீனுக்குக் கிளம்பியவர்கள் வாசற்படியில் அப்படியே நின்றார்கள். நான்கு பேர் கோபமாக வெளியேறினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒருவர் நாற்காலியை வேண்டுமென்றே தள்ளிவிட்டுப் போனார்.

எவ்வளவு நேரம் வாசித்தாள் என்று எனக்குத் தெரியாது. முடித்தபோது யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. மேடை ஓரத்தில், திரையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் மப்ளரோடு விஸ்வநாதன் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

செயலாளருக்குக் கோபம். மேடைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே ஆரம்பித்துவிட்டார். "என்ன பண்ணினேள்? அவர் கச்சேரி இது! உங்க இஷ்டத்துக்கு..."

யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது என்றாள் வைதேஹி. விஸ்வநாதன் செயலாளரைக் கையமர்த்தினார். குரல் அறவே போயிருந்தது. அவள் பக்கத்தில் வந்து காற்றாகச் சொன்னார்:

"இனிமே நீங்க எனக்கு வாசிக்க வேண்டாம்."

"தப்புதான் சார். மன்னிச்சுக்கோங்கோ."

"தப்புன்னு யார் சொன்னா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "இதைக் கேட்டப்புறம் உங்க பக்கத்துல உக்காந்து என்னால பாட முடியாது, வைதேஹி. பயமா இருக்கு. ஒவ்வொரு இடத்துலயும் இங்க விட்டிருக்கலாமேன்னு தோணும். எனக்கு விடத் தெரியாது. இந்த வயசுல இனிமே வராது."

அவர் சொன்னதைச் செய்தார். அதற்குப் பிறகு தில்லிக்கு இரண்டு தடவை வந்துவிட்டார், வேறு வயலின்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சபாவும் அவளைக் கூப்பிடவில்லை. 'நிழல் மாதிரி வருவா' என்று சொன்ன பாடகர்களே, நம்பி உட்கார வைக்க முடியாது என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி. வைதேஹி அழுதிருக்கிறாள். ஆனாலும் பழையபடி வாசிக்கவும் முடியவில்லை, முயன்று பார்த்தேன் என்று சொன்னாள். "ஒரு தடவை காதுல விழுந்துடுத்து. இனிமே விழலைன்னு நடிக்க முடியுமா?"

மார்ச்சில், வெயில் ஏறுவதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவாரகாவில் அவர்கள் குடியிருப்பின் பொது அறையில் தனியாக வாசித்தாள். ஆரிப் ஏற்பாடு செய்தான். மைக் வேண்டாம், மின்விசிறியைக்கூட நிறுத்திவிடலாம் என்று அவன்தான் சொன்னானாம். பிறந்தநாள் பார்ட்டிக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள். மேல்வீட்டு பஞ்சாபிக் குடும்பம், நர்ஸ் வேலை பார்க்கும் மூன்று நாகர்கோவில் பெண்கள், சபாவிலிருந்து யாருக்கும் சொல்லாமல் வந்த நாங்கள் சிலர். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போன அந்த மனிதரும் வந்திருந்தார். கடைசி வரிசையில் சுவரைப் பார்த்தாற்போல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வாசிக்கிறாள். கூட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் முடிந்ததும் சட்டென்று எழுந்திருப்பதில்லை. காத்தவராயன் ஒன்றையும் தவறவிட மாட்டார். பாலம் பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து முதல் வரிசையில் உட்காருவார். "சும்மா கேக்கத்தான் வந்தேன். ஆனா கை கேக்க மாட்டேங்குதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்வார்.