தண்ணீர் ஓட வேண்டும்

எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் ஒரு குழந்தையின் தலை அடிக்கடி நனைந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகவில்லை. வியர்வையும் இல்லை, ஆஸ்டின் டவுனில் அந்த மாதங்களில் யாருக்கும் வியர்க்காது. தூளிக்குள் கையை விட்டால் முடி ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். அதை முதலில் கண்டுபிடித்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் அதைப் பற்றி வாய் திறக்காததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

குழந்தை என் சித்தியுடையது. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு என்று ஒன்று அவளுக்கு மிச்சம் இல்லாததால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். சித்தப்பா மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம், இந்து. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பை நிறையப் பழங்களோடு வருவார். வந்ததும் ஹாலில் இருந்த திருஇருதயப் படத்துக்கு எங்களைவிட ஒழுங்காகக் கும்பிடு போடுவார்.

இது சித்திக்கு இரண்டாவது குழந்தை. முதலில் ஒரு பெண் பிறந்தது, பிறந்த அன்றே போய்விட்டது. சித்தி மயக்கம் தெளியாமல் கிடந்தபோது நர்ஸ் வெளியே வந்து, குழந்தைக்கு மூச்சு சரியில்லை, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா என்று சித்தப்பாவைக் கேட்டிருக்கிறாள். சித்தப்பாவுக்கு ஞானஸ்நானம் என்றால் தெரியும்: வெள்ளை கவுன், கேக், சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிரியாணி. இதை ஏன் இந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்று குழம்பிப்போய், "அவ எழுந்திருக்கட்டும் சிஸ்டர், கேட்டுட்டுப் பண்ணிக்கலாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். சித்தி எழுந்தபோது கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர் இதை யாரிடமும் மறைக்கவில்லை. பேச்சுக்கு நடுவில் திடீரென்று "கொத்திரலில்ல, கொத்திரலில்ல" என்று முணுமுணுப்பார். தெரியாமல் போயிற்றே என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெண்ணைக் கல்லறையில் சுற்றுச்சுவர் ஓரமாகப் புதைத்தார்கள். அங்கேதான் புதைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றாத குழந்தை என்று தெரிந்ததும் குழி வெட்டுகிறவர் தானாகவே அந்தப் பக்கம் நடந்தார், எல்லோரும் அவர் பின்னால் போனோம். அங்கே சிலுவைகள் கிடையாது. சின்னச் சின்ன மேடுகள் மட்டும், சில மேடுகள் மழையில் உள்வாங்கிப் பள்ளமாகியிருந்தன.

செபக்கூட்டம் நடத்துகிற ஒரு அம்மாள் துக்கம் கேட்க வந்தாள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு இடம் இருக்கிறது என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனாள். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை. வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை. வலி இருக்காது, ஆனால் கடவுள் முகத்தைப் பார்க்க முடியாது. ஆறுதல் சொல்வதாகத்தான் அவள் நினைத்திருக்க வேண்டும். சித்தி நேரே பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனிதர், படித்தவர். அதெல்லாம் பழைய பேச்சு, திருச்சபை இன்று அப்படிச் சொல்வதில்லை, அந்தக் குழந்தைகளை ஆண்டவருடைய இரக்கத்தில் ஒப்படைத்துவிட்டு நம்பிக்கையோடு இருக்கலாம் என்றார்.

"நம்பலாம்னுதான் சொல்றாரு. இருக்கான்னு சொல்லலையே" என்றாள் சித்தி, வீட்டுக்கு வந்து.

அப்பா இந்த விஷயத்தில் ரொம்பத் தாராளம். "சிலுவையில பக்கத்துல தொங்கினானே திருடன், அவனுக்கு யாரு தண்ணி ஊத்துனா? இன்னிக்கே என்னோட வான்னு சொல்லலையா ஆண்டவரு?" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்பார். அம்மா உடனே, "தண்ணியினாலயும் ஆவியினாலயும் பிறக்காட்டி நுழைய முடியாதுன்னு சொன்னதும் அவருதான்" என்பாள். ஆண்டவரை வைத்தே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருப்பார்கள். சித்தி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த இரண்டாவது குழந்தை, பையன், குறைமாதத்தில் பிறந்தான். நெஞ்சு பலவீனம். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சை மறந்துவிடுவான், முதுகைத் தட்டி ஞாபகப்படுத்த வேண்டும். உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று அம்மா ஆரம்பித்தபோது சித்தி ஒரே பேச்சாக முடித்துவிட்டாள்.

"வேணாங்க்கா. பெரியவ எங்க இருக்காளோ அங்கதான் இவனும் போகணும். அங்க அவ தனியா இருக்கா."

அதற்குப் பிறகு அம்மா அழுதாள், அப்பா திருடனைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார், சித்தப்பா ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் இளைத்து வந்தார். சித்தியை யாராலும் அசைக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு அவசர ஞானஸ்நானம் சொல்லிக்கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் பொம்மை, ஒரு மக்கு தண்ணீர். சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெரியவரோ சின்னவரோ, ஏன், ஞானஸ்நானம் வாங்காதவர்கூடக் கொடுக்கலாம். ஆனால் ஈரவிரலால் தொட்டால் போதாது, தண்ணீர் தலையில் ஓட வேண்டும் என்று பொம்மையின் மொட்டைத் தலையில் ஊற்றிக் காட்டினார். எனக்கு இது பிரமாதமாக இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது ஒரு தக்காளியை வைத்து எல்லோருக்கும் செய்து காட்டினேன். வழக்கமாக நான் எதைச் செய்து காட்டினாலும் யாராவது சிரிப்பார்கள். அன்று அம்மா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் தக்காளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஈரம் ஆரம்பித்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூளியை ஆட்டுவது என் வேலை. உள்ளறை விட்டத்தில் இருந்த இரும்புக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல் புடவையைக் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் சித்தி குளித்துக்கொண்டிருந்தாள், உள்ளறையில் யாரும் இல்லை, ஆனால் தூளி ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பையன் விழித்துக்கொண்டு என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான். நெற்றி முடி நனைந்து ஒட்டிக்கிடந்தது, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன், சுவர்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும். பிறகு மறுபடியும். அதற்குள் எனக்கு அந்த அறைக்குள் தனியாகப் போகவே கால் வரவில்லை. மழை மேகம் கவிந்து கரன்ட்டும் போய்விட்டால் திருஇருதயப் படத்தின் சிவப்பு பல்பு அணைந்துவிடும். நாலு மணிக்கு அந்த உள்ளறை வெளிச்சமாகவும் இருக்காது, இருட்டாகவும் இருக்காது. செபக்கூட்டத்து அம்மாள் சொன்ன இடம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் ஆபீஸில், சித்தப்பா ஹெப்பகோடியில். சித்தி உள்ளறையில் பாயில் படுத்திருந்தாள். நான் ஹாலில், உள்ளறை வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டாமல் யாரும் அந்த அறைக்குள் போக முடியாது. ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டிருந்தது.

கொக்கி கிரீச்சிட்டது. ஒரு தடவை, பிறகு நிதானமாக, யாரோ பொறுமையாக ஆட்டுவதுபோல. சித்தி ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வெகு நேரம் நிற்காததால் எழுந்து போய்ப் பார்த்தேன். சித்தி சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தாள். தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

சித்தியின் தோளைத் தொட்டேன். அவள் தூங்கவில்லை.

"சித்தி, பாப்பா தலையில தண்ணி."

"எங்க?" என்றாள், திரும்பாமலே.

"பின்னாடி. கழுத்து வரைக்கும் ஓடுது."

"நெத்தியில இல்லையா?"

"பின்னாடிதான் சித்தி. துணியெல்லாம் நனைஞ்சு கீழ சொட்டுது."

அவள் அப்போதுதான் எழுந்தாள். பையனின் நெற்றியைத் தொட்டாள், பிறகு பின்கழுத்துக்குக் கீழே கையை விட்டாள். கையை வெளியே எடுத்து, விரல்களுக்கிடையில் தண்ணீர் வழிவதை ரொம்ப நேரம் பார்த்தாள். பையன் சிவப்பாக, நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். நான் அத்தனை நாளாக மனதில் வைத்திருந்ததை அப்போது கொட்டிவிட்டேன்.

"அவன் அக்காதான் சித்தி வந்து வந்து ஊத்திட்டுப் போறா. வாங்காதவங்ககூடக் குடுக்கலாம்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல? அவன் அங்க வர வேணாம்னு ஊத்துறா."

சித்தி என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாதாரணமாக, கடைக்குப் போனவளைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"எந்தப் பக்கமா போனா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா வேலையிலிருந்து வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அம்மா செருப்பைக் கழற்றும்போதே சித்தி சொல்லிவிட்டாள்: "அக்கா, ஃபாதர்கிட்ட சொல்லு. இவனுக்குக் குடுத்துடலாம்."

கோயிலில் பங்குச்சாமியார் பையனின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது, சிஸ்டர் எங்களுக்குச் சொல்லித்தராத சில வார்த்தைகளை முன்னால் சேர்த்துக்கொண்டார். "நீ இதுவரை திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்று ஆரம்பித்தார். சாமியாருக்கே பாடம் சரியாகத் தெரியவில்லையே என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இருமினார். சித்தப்பா கை கூப்பியபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

விஷயம் எனக்கு வளர்ந்த பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. அம்மா கோயில் தீர்த்தத்தை மருந்து பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள். திருடனுக்காக அவ்வளவு வாதாடிய அப்பா, குழந்தைக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று கேன் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுடவைத்து ஊற்றியிருக்கிறார். இவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால், தக்காளி நாளன்று சாயங்காலமே, சித்தப்பா குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லி ஊற்றிவிட்டார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. மூன்று பேரும் தனித்தனியாகப் போய், யாரிடமும் சொல்லாதீர்கள் ஃபாதர் என்று அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஞானஸ்நானம் ஒரு தடவைதான், இரண்டாவது கிடையாது. அந்த மனிதர் பாவம், வேறு என்னதான் சொல்லி ஊற்றுவார்? திருச்சபைக் கணக்கில் செல்லுபடியாகியிருந்தால், என் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஒரு மல்லேஸ்வரத்து இந்து.

அந்தத் தம்பி இப்போது பி.யூ.சி. படிக்கிறான், சித்தியைவிட ஒரு தலை உயரம். போன கல்லறைத் திருநாளன்று தூறலில் சுவரோரம் அவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான், சித்தி அணையாமல் மெழுகுவர்த்தி ஏற்றப் பார்த்தாள். அவன் பூ வாங்க வாசலுக்குப் போனதும், இனிமேல் தெரிந்தால் என்ன என்று மூன்று பேரின் கதையையும் அவளிடம் சொன்னேன். சித்தி சிரித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதா? தலையைத் துவட்டுனவ நான்தானே. என் மனசு ஒப்பாம அது செல்லாதுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"அப்ப அன்னிக்கு?"

அவள் காற்றுக்குக் கையால் சுடரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு நீ ஸ்கூல்லேருந்து வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இவனுக்கு மூச்சு நின்னுடுச்சு. ஒதடெல்லாம் நீலம். தட்டுறேன், ஊதுறேன், வரல. தலைமாட்டுல டம்ளர் இருந்துச்சு, விரல் நனையிற அளவுதான் தண்ணி. நெத்தியில தொட்டு வார்த்தையைச் சொல்லிட்டேன். மூச்சு வந்துடுச்சு. பெரியவளை அங்க தனியா விட்டுட்டேனே, அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அப்பதான் நீ வந்து எழுப்புன."

நெற்றியில் இல்லையா என்று அன்று அவள் ஏன் கேட்டாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரிந்திருக்கவில்லை. புரிந்திருந்தால் அந்த வீட்டில் பிறகு எப்படித் தூங்கியிருப்பேன் என்று தெரியவில்லை. வாசலிலிருந்து தம்பி ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தான். குடையை எங்களிடமே விட்டுவிட்டுப் போயிருந்தான். சித்தி அவனைப் பார்த்துவிட்டு, பெயரில்லாத அந்த மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தண்ணி ஓடணும்னு நீதானே அன்னிக்குச் சொன்ன," என்றாள். "நான் தொட மட்டும்தான் செஞ்சேன் கண்ணு."