வினாகிரிப் போத்தல்

என் அக்கா, ராத்தாவின் மகளுக்கு ஆறு வயது நிறைந்த நாளில், முற்றத்து மணலில் நுரை பொங்கும் எரிமலை செய்து காட்டுவதாக நான்தான் வாக்குக் கொடுத்தேன். நுரை பொங்கவைக்கும் புளித்த வினாகிரியைத் தானே ஊற்றப்போவதாக அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பத்துப் பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மணல் குவியலுக்குள் புதைத்த கோப்பையில் அப்பச்சோடாவும் கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயமும் இட்டு, வினாகிரியை நானே ஊற்றினேன். நுரை பொங்கி வழிய, பிள்ளைகள் கத்தினார்கள்.

“மாமா, நான் ஊத்தட்டா?”

“கொஞ்சம் பொறுங்க மகள், இன்னும் பெரிசாக் காட்டுறன்.”

இப்படி மூன்று தடவை. “தம்பி, பிறந்தநாள் புள்ளைக்கா, உனக்கா?” என்று ராத்தா கேட்டபோதும் சிரித்தேன். நான்காவது தடவை மருமகள் கை நீட்டியபோது போத்தலில் ஒரு சொட்டும் இல்லை. கடைக்கு ஓட எழும்பினேன். அதற்குள் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லிவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போக உம்மாமார் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டே வகுப்புப் பிள்ளை ஒருத்தி மருமகளிடம், “நீதான் செய்யிற எண்டு சொன்னாய், பொய்க்காரி!” என்றாள்.

“பொய்யில்ல. நான்தான் மாமாவச் செய்யச் சொன்னன்,” என்றாள் மருமகள், என்னைப் பார்க்காமலே.

பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறவன் நான். பிழை என்னுடையது என்று அந்த ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குனிந்து, சிவந்துபோன மணலை அள்ளிக்கொண்டிருந்தேன்.