குல்லாவுக்கும் ஒரு வரிசை

ஒரு பெண்ணின் வேலையே போகும்படியான பொய்க் கணக்கு ஒன்றை நான் காட்டினேன். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஒரு வரிசையை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் பேராசிரியராக இருந்தேன். ஓய்வுக்கு முந்தைய மார்கழியில், மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதென்று தாளாளர் கூப்பிட்டார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி ஓட்டிச் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர் அவர். வளாகம் முழுவதற்கும் ஒரே மீட்டர். எந்தக் கட்டடம் எவ்வளவு குடிக்கிறது என்று அதற்குத் தெரியாது. இயந்திரக் கற்றல் என்னும் கம்ப்யூட்டர் முறையால் பிரித்துவிடலாம் என்றேன். வெளியே எவ்வளவு குளிர், விடுதியில் எத்தனை பேர், வெந்நீர் ஹீட்டர் எப்போது ஓடியது, என் ஆய்வகத்து ஏசி எப்போது ஓடியது என்று மணிவாரியாக, வரிசை வரிசையாகக் கொடுத்தால் போதும். எதனால் எவ்வளவு செலவு என்று நீளமும் குட்டையுமான பட்டைகளாகப் படம் போட்டுக் காட்டும்.

"போர் போட்டா எந்த அடியில பாறை, எந்த அடியில தண்ணின்னு சொல்றாப்லிங்களா?"

"அதேதானுங்க. விடைய மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்காது. காரணமும் சொல்லும்."

சொன்னது. விடியற்காலைச் செலவில் மிக நீளமான பட்டை என் ஏசிக்கு வந்தது.

விடியுமுன்னே ஆய்வகத்துக்கு வந்து, கம்ப்யூட்டர் சூடாகக் கூடாதென்று ஏசியைப் பதினெட்டில் வைத்து, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக உள்ளே உட்கார்ந்திருப்பேன். மார்கழியில் சன்னலைத் திறந்தாலே போதும் என்பது எனக்குத் தோன்றவில்லை. சூரமங்கலத்தில் மகள் வீட்டுக்கு நான் போய், ஏசி ஓடாத நாட்களில், ஹீட்டர் ஓடியும் செலவு இறங்கியிருந்தது. அதை வைத்துத்தான் இயந்திரம் என்னைப் பிடித்தது.

அந்த ஏசிக்காகத் தாளாளர் அறைக்கு எத்தனை நடை நடந்திருக்கிறேன்! ஏசி வரிசையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். மகளிர் விடுதி ஹீட்டரும் அதே விடியற்காலையில்தான் ஓடும். ஏசி மறைந்ததும் அதன் பழியும் ஹீட்டர் தலையில் ஏறியது. இப்படித்தான் ஆகும் என்று வகுப்பில் பாடம் நடத்தியவன் நான்.

அந்தப் படத்தைப் பார்த்த தாளாளர் ஹீட்டரைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். விடுதிக் காப்பாளர் புதுச்சத்திரத்துப் பெண்மணி. தன் வீட்டுத் துணியையெல்லாம் அவர் வெந்நீரில் துவைக்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. "பரீட்சை முடியட்டும், வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார் தாளாளர்.

அந்த அம்மாள் ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், எங்கூர்ப் பக்கம் கோழிக்குஞ்சுக்கே பல்பு போட்டுச் சூடு குடுப்பாங்க. நீங்க கம்ப்யூட்டருக்குக் குளுரு வெச்சுப்போட்டு, எம்புள்ளைங்களுக்குப் பச்சத்தண்ணி ஊத்தறீங்க."

"நான் எங்கம்மா சொன்னேன்? மெஷின் சொல்லுச்சு."

"அந்த மெஷினு உங்க தலையில இருக்கற குல்லாவப் பாத்துச்சுங்களா?"

கழற்றினேன். காது சில்லிட்டது. மறுபடி மாட்டிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு பக்கெட்டுத் தண்ணி எனக்குன்னு எடுத்ததில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் தேர்வுக்கூடத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். விடுதிப் பெண் ஒருத்தி காய்ச்சலோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாதித் தாளிலேயே பேனாவை வைத்துவிட்டாள். அங்கிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போய் ஏசி இருக்கும் படம், இல்லாத படம் இரண்டையும் எடுத்துக்கொண்டு தாளாளரிடம் போனேன்.

"இப்பத்தான் மெஷினு சரியாச் சொல்லுதுங்களா?"

"மொதல்லயே சரியாத்தான் சொல்லுச்சுங்க. நாந்தான் என் ஏசிய எடுத்துப்போட்டுக் காட்டினேன்."

படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "எங்க ரிக்குல ஒரு டிரைவரு அடிக்கணக்க இப்பிடி மாத்திச் சொல்லியிருந்தா, அந்தக் காட்டுலயே எறக்கி உட்டுட்டு வந்திருப்பேன், வாத்தியாரே."

வாத்தியாரை விட்டுவிட்டு ஏசியை இறக்கினார். அது இப்போது அவருடைய ரிக் ஆபீசில் ஓடுகிறது. சாவி காப்பாளரிடம் திரும்பியது, வேலையும் நிலைத்தது. நான் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுங்களா? பேசுனவங்க முன்னாடி சொல்லுங்க" என்றார். மெஸ்ஸில், இட்லித் தட்டுகளுக்கு நடுவே நின்று சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல், "சார், குல்லா எங்கீங்க?" மெஸ் முழுக்கச் சிரித்தது. காய்ச்சலில் எழுதிய பெண்ணும் சிரித்தாள். முடிவு வந்தபோது அவள் அந்தத் தாளில் தோற்றிருந்தாள். மறுதேர்வுக்கு நானே சொல்லித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

ஓய்வு பெறுமுன் கணக்கைப் புதிதாக ஓட்டினேன். எந்தெந்த வரிசைகள் உள்ளே இருக்கின்றன என்று முதலில் காப்பாளரிடம் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"எல்லாஞ் சரிங்க சார். எதுக்கும் உங்க குல்லாவுக்கும் ஒரு வரிசை போட்டுருங்க."

போட்டேன்.