படுத்துக்கொண்டே பறந்த தையல்காரி

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்கா. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், சுவரில் பள்ளிச் சீருடைகள் தொங்கும் கம்பி, காலடியில் நூல்கண்டுகள் நிறைந்த பிஸ்கட் டப்பா. வருகிறவர்களின் பெயர் மறந்துபோகும், இடுப்பளவு மறக்காது. "போன தடவைக்கு இப்ப ஒரு சுத்து கூடிட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தையல் அவ்வளவு சுத்தம்.

குனிந்து குனிந்து தைத்ததில் முதுகு போய்விட்டது. சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கி நெருப்பாக எரியும். அதனால் கொஞ்சம் தைப்பாள், கொஞ்சம் தரையில் படுப்பாள், மறுபடி எழுந்து தைப்பாள்.

அப்போதுதான் கடல் கடந்த ஊரிலிருந்து மகள் போன் செய்தாள். பிரசவம் நெருங்கியிருந்தது.

"அம்மா, நீ வந்துருவல்ல?"

"வராம?" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் முதுகு நினைவுக்கு வந்தது. விமானத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். "படுத்துக்கிட்டே போக முடிஞ்சா போங்க. இல்லன்னா அங்க இறங்கினதும் உங்களைப் பாத்துக்கத்தான் ஆள் தேடணும்."

அன்று மாலை அவள் கணவர் தொண்டையைச் செருமினார். அவர் பேக்கிங் மெஷின் பொருத்தும் மெக்கானிக். எந்த நாட்டில் மெஷின் விற்றாலும் கம்பெனி இவரைத்தான் அனுப்பும். கல்யாணமானதிலிருந்து பெட்டியும் கையுமாகத்தான் இருந்தார். மகளுக்குக் காய்ச்சல் கொதித்தபோதும் இல்லை, அவளைப் பள்ளியில் சேர்த்தபோதும் இல்லை.

"பாயிண்ட் இருக்கு" என்றார்.

"என்ன பாயிண்ட்?"

"பறந்ததுக்கெல்லாம் விமானக் கம்பெனிக்காரன் என் பேர்ல பாயிண்ட் போட்டு வெச்சிருக்கான். அதுல பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுக்கலாம். சீட்டு அப்படியே கட்டில் மாதிரி விரியும். ஆனா ஒருத்தருக்குத்தான் தேறும். நீ அதுல வா, நான் பின்னாடி சாதா சீட்டுல வரேன்."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அது உங்க பாயிண்ட் இல்ல. நான் இந்த வீட்டுல தனியா கிடந்த நாளுங்க. அதைக் குடுத்து மறுபடியும் என்னைத் தனியா உக்கார வெக்கறீங்க."

ஆனாலும் மகளுக்காக அவள் சரி என்றாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பயிற்சி நடந்தது. சாய்வு நாற்காலிதான் விமானம். "வலது கைப் பக்கம் கீழே ஒரு லீவர் இருக்கும். மெதுவா இழு. கால் பக்கம் தானா எழும்பும்" என்று அவர் பாடம் எடுத்தார். அவள் கேட்டுக்கொண்டாள். மனசுக்குள் மட்டும் புகைந்தது. இந்த மனுஷன் ராஜா மாதிரி படுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார், நான் இங்கே வெறுந்தரையில் சுருண்டு கிடந்திருக்கிறேன்.

விமான வாசலில் அவளை ஒரு பக்கமும் அவரை இன்னொரு பக்கமும் அனுப்பினார்கள். "லீவர், மறந்துடாதே" என்று சொல்லிக்கொண்டே அவர் கூட்டத்தோடு மறைந்தார்.

பெல்ட்டைக் கழற்றலாம் என்று விளக்கு அணைந்ததும் அவள் லீவரைத் தேடினாள். கை போன இடமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. பணிப்பெண் வந்து, கைப்பிடியில் இருந்த சின்னத் திரையை ஒரு விரலால் தொட்டாள். சீட்டு சத்தமில்லாமல் விரிந்தது.

"லீவர்னு சொன்னாரே என் வீட்டுக்காரர்?"

"இங்க அப்படி ஒண்ணு இருந்ததே இல்லம்மா. சார் இந்தப் பக்கம் உக்காந்தே இருக்க மாட்டார் போல" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் படுத்தாள். இறுக்கிப் போட்ட தையலைப் பிரித்தது போல முதுகு தளர்ந்தது. நன்றாகத் தூங்கினாள். கண் விழித்தபோது வலி இல்லை, ஆனால் பணிப்பெண் சொன்னது உறுத்தியது. எழுந்து, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

கழிப்பறைக்குப் பக்கத்து வரிசையில், நடு சீட்டில் இருந்தார். இரண்டு பக்கமும் பருத்த ஆட்கள். அவர் சட்டையெல்லாம் அவள் தைத்ததுதான். அந்தத் தோளின் அளவு அவளுக்கு மனப்பாடம். அந்த இடத்தில் அந்தத் தோள் கொள்ளவில்லை. ஒரு தோளை முன்னால் மடக்கி, கைகளை மடியில் கட்டி, முட்டி முன் சீட்டில் இடிக்க, கோணலாகத் தூங்கிக்கொண்டிருந்தார். புதிதாக உட்கார்ந்தவருக்கு அப்படித் தூக்கம் வராது. பழகிய உடம்புக்குத்தான் வரும்.

ஓரத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டுக்காரரா? உக்காருங்க, நான் கொஞ்சம் காலை நீட்டிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அவள் உட்கார்ந்ததும் கணவர் பதறி விழித்தார். "என்ன ஆச்சு? வலிக்குதா?"

"வலி இல்ல. லீவரும் இல்ல."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"பின்ன எதை வெச்சு எனக்குப் பாடம் எடுத்தீங்க?"

"பின்னாடி போற வழியில பாத்துக்கிட்டே போவேன்ல. ஒருத்தன் கீழே கையை விட்டு எதையோ இழுத்தான்…"

"செருப்பைத் தேடியிருப்பான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எப்பவும் இப்படியேவா போனீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கம்பெனி வேற எதுல அனுப்பும்?"

"ஒரு தடவைகூட சொல்லலையே."

"வீட்டுக்குள்ள வந்ததும் நீ உன் பாட்டைச் சொல்லுவே. அது பெருசு. இது சும்மா உக்காந்துட்டுப் போறதுதானே."

ஊரையே நாடா வைத்து அளந்தவள், இவரை மட்டும் கண்மதிப்பில் வெட்டிவிட்டோமே என்று அவளுக்குப் பட்டது.

"நீங்க போய்க் கொஞ்ச நேரம் படுங்க. நான் இங்க இருக்கேன்."

"விட மாட்டாங்க, அது உன் பேர்ல இருக்கிற சீட்டு. நீ இங்க உக்காந்து முதுகைக் கெடுத்துக்கிட்டா பொண்ணுக்கு யாரு இருக்கா? போம்மா."

ஓரத்துக்காரர் திரும்பி வரும்வரை இருந்துவிட்டு அவள் முன்னால் போனாள். படுத்தாள். இந்தத் தடவை அந்தப் படுக்கை அவளுக்கு ரொம்ப அகலமாகத் தெரிந்தது.

விமானம் இறங்கியதும் முன்பக்கத்து ஆட்களைத்தான் முதலில் விட்டார்கள். பணிப்பெண் காட்டிய வழியில் இறங்கியவள் மேலே நடக்கவில்லை. வெளியே போகும் நடைபாதையில் சுவரோரமாக நின்றாள். கூட்டம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஏறக்குறைய கடைசியாக, இரண்டு கையிலும் பையோடு, ஒரு காலை இழுத்தபடி அவர் வந்தார்.

"முதுகு எப்படி இருக்கு?"

"முதுகுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்காக நின்னு நின்னு காலுதான் வலிக்குது. அந்தச் சின்னப் பையைக் குடுங்க."

"தூக்காதே, டாக்டர் என்ன சொன்னாரு?"

"குடுங்கன்னா."

கொடுத்தார். கால் மரத்துப்போயிருந்ததால் மெதுவாகத்தான் நடந்தார். மகள் வெளியே காத்திருப்பாள் என்று தெரிந்தும், அவள் தன் நடையை அவருக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டாள்.